சிறிய காரும் நான்கு ரயர்களும்



மோட்டார்க்கார் வைத்திருப்போர் அதன் இயந்திரத்தைப் பற்றிப் பேசுவார்கள். எரிபொருட் செலவைப் பற்றிப் பேசுவார்கள். நிறப்பூச்சு மங்கிவிட்டதே எனக் கவலை கொள்வார்கள். ஆனால் அந்த வண்டியை நிலத்தோடு இணைத்து வைத்திருப்பவை நான்கு ரயர்கள் மாத்திரமே என்பதைப் பெரும்பாலோர் நினைத்துப் பார்ப்பதில்லை. ஒரு சிறிய கார், அதில் ஏறிய நால்வரையுஞ் சேர்த்து, ஏறக்குறைய 900 கிலோகிராம் நிறை கொண்டிருக்குமாயின், ஒவ்வொரு ரயரும் நிலத்தைத் தொடும் இடம் ஒரு தபாலட்டையின் பரப்பளவுக்கு மேற் செல்லாது. வண்டியைத் திருப்புவதும் நிறுத்துவதும், மழை பெய்யும் வேளையிற் குறுக்கே ஓடும் பிள்ளையைக் காப்பதும் அந்த நான்கு தபாலட்டைகளின் பொறுப்பாகும். ஆகவே, பழைய சிறிய காருக்குப் புதிய ரயர் தெரிந்தெடுப்பது எவ்வாறு என்பதைப் பற்றி இன்று சிறிது ஆராய்வோம்.

எடுத்துக்காட்டாக மாருதி 800 என்னும் காரை வைத்துக்கொள்வோம். இந்தியாவில் 1983ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த இவ்வண்டியின் உற்பத்தி 2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நிறுத்தப்பட்டது. நமது நாட்டின் நகர வீதிகளில் இவ்வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. அவற்றுள் மிக இளையதும் பத்து ஆண்டுகளைக் கடந்துவிட்டது. உரிமையாளர்களிற் பலர் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், எழுதுவினைஞர்கள், சிறு வியாபாரிகள். பிள்ளையைப் பாடசாலைக்குக் கொண்டுசென்று விடுவது, சந்தைக்குப் போய்வருவது, வெள்ளிக்கிழமை கோயிலுக்குச் செல்வது என்பனவே வண்டியின் வேலை. இத்தகைய ஓட்டத்திலேதான் ரயரைப் பற்றிய ஒரு பெருந்தவறு பிறக்கின்றது.

அத்தவறு யாது? ரயர் தேய்ந்தாற்றான் கெட்டது. தேயாவிடில் நல்லது என்று எண்ணுவதே அது.

சிறிது கணக்குப் பார்ப்போம். நாளொன்றுக்குப் பத்துக் கிலோமீற்றர் வீதம், ஆண்டுக்கு முந்நூறு நாள் ஓடும் ஒரு கார் ஆண்டொன்றில் 3,000 கிலோமீற்றரே ஓடுகின்றது. 40,000 கிலோமீற்றர் வரை தேய்ந்து போகாத ஒரு ரயரை அதிற் பூட்டினால், அது தேய்ந்து முடிவதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் செல்லும். பதின்மூன்றாம் ஆண்டிலும் அதன் மேற்பரப்பிலுள்ள வரிப்பள்ளங்கள் கண்ணுக்குத் தெரியும். "இன்னும் ஓடலாமே" என்று சொல்லத் தோன்றும். ஆனால் அந்த இறப்பர், பூட்டிய நாளில் இருந்த இறப்பரன்று. நெடுந்தூரம் ஓடும் வண்டியின் ரயர் தேய்ந்து சாகின்றது. நகரத்திற் சிறிதளவு ஓடும் வண்டியின் ரயரோ மூத்துச் சாகின்றது. முன்னையது கண்ணுக்குத் தெரியும் சாவு. பின்னையது கண்ணுக்குத் தெரியாத சாவு.

இறப்பர் எவ்வாறு மூப்படைகின்றது என்பதை அறிவது நன்று. இறப்பர் நமக்குப் புதிய பொருளன்று. தென்னமெரிக்காவிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட வித்துக்களிலிருந்து முளைத்த நாற்றுகளுள் ஏறத்தாழ 2,000 நாற்றுகள் 1876ஆம் ஆண்டிலே இலங்கைக்கு அனுப்பப்பட்டன. கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடைத் தோட்டத்தில் அவை வளர்க்கப்பட்டன. மரத்திலிருந்து வடியும் பாலைத் திரட்டி எடுத்த பச்சை இறப்பர் வெயிலில் ஒட்டிக்கொள்ளும், குளிரில் விறைத்துப்போகும். அதனைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் உறுதியும் மீளுந்தன்மையும் பெறும் என்பதை அமெரிக்கரான சாள்ஸ் குட்இயர் 1839ஆம் ஆண்டளவிற் கண்டறிந்தார். இறப்பரின் நீண்ட இழை மூலக்கூறுகளைக் கந்தகம் ஒன்றோடொன்று பிணைத்துவிடுகின்றது. இன்றைய ரயர்களில் இயற்கை இறப்பரோடு செயற்கை இறப்பரும், காபன் கரியும், துணி இழைகளும், உருக்குக் கம்பிகளுங் கலந்துள்ளன.

இப்பிணைப்பு நிலையானதன்று. காற்றிலுள்ள ஒட்சிசன் இறப்பருக்குள் மெல்ல மெல்லப் புகுந்து அதனை இறுகச் செய்கின்றது. ஓசோன் மேற்பரப்பிலே மெல்லிய வெடிப்புக்களை உண்டாக்குகின்றது. வெயிலும் வெப்பமும் இவ்விரண்டையும் விரைவுபடுத்துகின்றன. ரயருக்குள் நாம் அடைக்கும் காற்றிலும் ஒட்சிசன் உண்டு. அது அமுக்கத்தோடு உள்ளிருந்து வெளிநோக்கி ஊடுருவுகின்றது. இதனைத் தடுப்பதற்காக உற்பத்தியாளர் சில மெழுகு வகைகளையும் இரசாயனப் பொருட்களையும் இறப்பரிற் கலக்கின்றனர். ரயர் ஓடி வளைந்து நிமிரும்போது அவை மேற்பரப்புக்கு வந்து காவல் செய்கின்றன. பல நாள் அசையாது நிறுத்தி வைத்த வண்டியின் ரயருக்கு அந்தக் காவலுங் குறைவு. குறைவாக ஓடும் கார், திறந்த முற்றத்தில் வெயிலில் நிற்கும் கார், வெப்ப நாட்டுக் கார் ஆகிய மூன்றும் ஒன்றாய்ச் சேரும் இடத்தில் ரயரின் மூப்பு விரைந்து வருகின்றது.

இறுகிய இறப்பர் ஈரமான வீதியைப் பற்றிப் பிடிப்பதில்லை; பிறேக்கை மிதித்தவுடன் சில்லு வழுக்கும். அதனினும் கொடியது, உள்ளே உருக்குக் கம்பிப் பட்டைகளும் இறப்பரும் ஒன்றையொன்று விட்டுப் பிரிவது. அப்போது ரயர் ஓடும்போதே வெடிக்கும். 2012ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், இங்கிலாந்தின் தென்பகுதியில், இசைவிழா ஒன்றிலிருந்து இளைஞர்களை ஏற்றிவந்த பேருந்து ஒன்று வீதியை விட்டு விலகி மரத்தில் மோதியது. மூவர் உயிரிழந்தனர். முன்பக்கத்து ரயர் ஒன்று வெடித்ததே காரணம். விசாரணையில், அந்த ரயர் 19 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடையது எனத் தெரியவந்தது. அதன் வரிப்பள்ளங்கள் சட்டம் வேண்டிய அளவுக்குக் குறையவில்லை. இதன் பின்னர் எழுந்த கோரிக்கைகளின் பயனாக, பேருந்துகளினதும் பாரவூர்திகளினதும் முன் அச்சிலே பத்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட ரயர்களைப் பாவிப்பதைப் பிரித்தானியா 2021ஆம் ஆண்டு பெப்ரவரி முதல் தடைசெய்தது. பேருந்துக்கு நேர்ந்தது சிறிய காருக்கு நேராது என்று கொள்வதற்கு நியாயம் இல்லை.

ஆதலால், ரயர் வாங்கச் செல்வோர் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி "விலை என்ன?" என்பதன்று, "வயது என்ன?" என்பதாகும். கடைக்காரர் சொல்லாவிடினும் ரயரே அதனைச் சொல்லும். அதன் பக்கச்சுவரிலே டி, ஓ, ரி என்னும் மூன்று ஆங்கில எழுத்துக்களிற் தொடங்கும் ஒரு குறியீட்டு வரிசை உண்டு. அதன் கடைசியிலுள்ள நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 3524 என்று இருக்குமாயின், அந்த ரயர் 2024ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் உற்பத்தியானது. முதல் இரண்டும் வாரத்தையும், பின் இரண்டும் ஆண்டையும் குறிக்கும். நான்கு இலக்கங்களுக்குப் பதிலாக மூன்று மாத்திரம் இருந்தால் அது 2000ஆம் ஆண்டுக்கு முன் உற்பத்தியான ரயர். அதனை ஒருபோதும் பூட்டலாகாது. சில ரயர்களில் இந்த நான்கு இலக்கங்கள் ஒரு பக்கத்தில் மாத்திரமே பதிக்கப்பட்டிருக்கும். வெளிப்பக்கத்திற் காணாவிடின், பூட்டுவதற்கு முன்னரே மறுபக்கத்தைப் புரட்டிப் பாருங்கள்.

பன்னிரண்டு அங்குலச் சில்லுக்குரிய ரயர்கள் இன்றைய பெரிய கார்களுக்குப் பொருந்துவன அல்ல. ஆகவே சில கடைகளில் அவை நெடுநாள் விற்பனையாகாமல் அடுக்கிக் கிடத்தல் கூடும். மினுமினுப்பாக இருக்கும், தாளுறையும் கிழியாமல் இருக்கும், வயதோ ஐந்தாறு ஆண்டு ஆகியிருக்கும். குறைவாக ஓடும் வண்டிக்கு ரயர் வாங்குவோர், உற்பத்தியாகி ஓரிரண்டு ஆண்டுகளுக்கு உட்பட்டதையே தேடி வாங்குதல் வேண்டும். உற்பத்தியாளர்களிற் பலர் ஐந்து ஆண்டு பாவித்த ரயரை அதன்பின் ஆண்டுதோறும் அறிந்தவரைக் கொண்டு பரிசோதிக்குமாறும், பத்து ஆண்டு சென்றதும் எந்நிலையில் இருந்தாலும் மாற்றுமாறும் கூறுகின்றனர். ஆறு ஆண்டுகளுடன் மாற்றிவிடுமாறு கூறும் கார் உற்பத்தியாளரும் உளர். வெயில் மிகுந்த நமது நாட்டில் இவ்விரண்டிற் சிறிய எண்ணை நோக்கி நடப்பதே விவேகம்.

அடுத்து, அளவைப் பற்றிப் பார்ப்போம். பிற்கால மாருதி 800 வண்டிகளின் ரயரில் பெரும்பாலும் 145/70 ஆர் 12 என்று பதிந்திருக்கும். இதில் 145 என்பது ரயரின் அகலம், மில்லிமீற்றரில். 70 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதைக் காட்டும். ஆர் என்னும் எழுத்து, உள்ளிழைகள் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராகச் செல்லும் ஆரை வகை ரயர் என்பதை உணர்த்தும். 12 என்பது சில்லின் விட்டம், அங்குலத்தில். சில ரயர்களில் நடுவிலுள்ள விகிதம் குறிக்கப்படாமல் 145 ஆர் 12 என்று மாத்திரம் இருக்கும். அங்கே விகிதம் ஏறத்தாழ 80 அல்லது அதற்குச் சற்று மேல் எனக் கொள்ளவேண்டும்.

உங்கள் வண்டிக்கு எந்த அளவு உரியது என்பதை இப்பொழுது பூட்டியுள்ள ரயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முன்னைய உரிமையாளர் மாற்றியிருக்கக்கூடும். வண்டியின் கையேட்டில், அல்லது கதவோரத்தில் ஒட்டியுள்ள சிறு தகட்டில் அது குறிக்கப்பட்டிருக்கும்.

உரிய அளவு கிடைக்காவிடின் அடுத்த அளவைப் பூட்டலாமே எனச் சிலர் கூறுவர். 145/70 ஆர் 12 ரயரின் முழு விட்டம் ஏறக்குறைய 508 மில்லிமீற்றர். அதன் இடத்தில் 145/80 ஆர் 12 பூட்டினால் விட்டம் 537 மில்லிமீற்றர் ஆகின்றது. அஃதாவது நூற்றுக்கு ஐந்தே முக்கால் வீதம் அதிகம். வேகமானி 60 எனக் காட்டும்போது வண்டி உண்மையில் 63 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடும். 796 கன சென்ரிமீற்றர் கொண்ட சிறிய இயந்திரம், பெரிய சில்லைச் சுழற்றும்போது மேட்டில் ஏறத் திணறும். சுக்கானை முழுதாய்த் திருப்பும்போது ரயர் வண்டியின் உடலில் உராய்தலும் உண்டு.

இன்னுஞ் சிலர் அழகுக்காக அகன்ற ரயரை விரும்புவர். அகலம் கூடினாற் பிடியும் கூடும் என்பது அவர்கள் எண்ணம். உலர்ந்த வீதியிலே ஓரளவுக்கு அது மெய்யாகலாம். மழை வீதியிலோ ரயர் தன் முன்னுள்ள நீரை விலக்கிக்கொண்டு நிலத்தைத் தொடவேண்டும். அகலம் கூடிய ரயர் விலக்கவேண்டிய நீரும் கூடும். நிறை குறைந்த வண்டி நீர்ப்படலத்தின்மேல் விரைவில் மிதக்கும். மிதக்கும் வண்டிக்குச் சுக்கானும் இல்லை, பிறேக்கும் இல்லை. அன்றியும், இயந்திர உதவியின்றிக் கையாலேயே சுக்கானைத் திருப்பும் பழைய வண்டியில் அகன்ற ரயர் தோளுக்கு நோவைத் தரும்.

சிறிய காரின் ரயர் வண்டி அமைக்கப்பட்ட பின்னர் எங்கிருந்தோ தேடிப் பூட்டப்பட்ட பொருளன்று. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் 1959ஆம் ஆண்டு வெளிவந்த மினி காரை வகுத்தபோது, உள்ளே மனிதர் இருக்க இடம் வேண்டும் என்பதற்காகப் பத்து அங்குலச் சில்லை வைத்தார். அவ்வளவு சிறிய சில்லுக்கேற்ற ரயரை டன்லொப் நிறுவனம் அவ்வண்டிக்கெனவே ஆக்கிக் கொடுத்தது. சில்லு, சுருள்வில், பிறேக், சுக்கான் என்பன ஒரு கணக்கில் அமைந்தவை. அக்கணக்கில் ஒன்றை மாற்றினால் மற்றவையுந் தடுமாறும்.

அளவை அடுத்து ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் காணப்படும். உதாரணமாக 69 எஸ். 69 என்பது அந்த ரயர் 325 கிலோகிராம் வரை தாங்கும் என்பதற்கான குறி. எஸ் என்பது மணிக்கு 180 கிலோமீற்றர் வரையிலான வேகத்துக்கு உரியது என்பதற்கான குறி. நகரக் காருக்கு வேக எழுத்து பெரும் பிரச்சினையன்று. ஆனால் பாரக் குறி, கையேடு கூறுவதிலுங் குறையக்கூடாது. மிகக் கூடுவதும் நன்றன்று. சிறிய வான் வண்டிகளுக்கென எல் ரி அல்லது சீ என்னும் எழுத்துக்களுடன் பன்னிரண்டு அங்குல ரயர்கள் விற்கப்படுகின்றன. அவை சுமை ஏற்றுவதற்கான தடித்த சுவர் கொண்டவை. "பலமானது, நெடுநாள் உழைக்கும்" என்று கூறி அவற்றைக் காருக்குச் சிபாரிசு செய்வாரும் உண்டு. 650 கிலோகிராம் நிறையுள்ள காரால் அந்தத் தடித்த சுவரை வளைக்க இயலாது. குழியில் விழும் ஒவ்வோர் அடியும் வண்டியின் மூட்டுக்களுக்கும் உங்கள் முதுகுக்கும் நேரே செல்லும்.

நான்கையும் ஒருங்கே மாற்றப் பணம் போதாவிடின் என் செய்வது? இரண்டாக மாற்றலாம், ஒன்றாக மாற்றலாகாது. ஒரே அச்சின் இருபுறத்திலும் ஒரே அளவும், ஒரே வகையும், ஒத்த தேய்வும் இருத்தல் வேண்டும். அவ்வாறு வாங்கிய புதிய இரண்டையும் எங்கே பூட்டுவது? முன்சில்லுகளே வண்டியை இழுக்கின்றன, முன்சில்லுகளே திருப்புகின்றன; ஆகவே முன்னே பூட்டவேண்டும் என்று பலரும் கூறுவர். ரயர் உற்பத்தியாளர்கள் கூறுவதோ பின்னே பூட்டுமாறு. காரணம் இதுதான். மழை வீதியில் முன்சில்லு வழுக்கினால் வண்டி நேரே செல்லும். வேகத்தைக் குறைத்தால் சாரதி அதனை மீட்கலாம். பின்சில்லு வழுக்கினாலோ வண்டி பம்பரம்போற் சுழலும். கைதேர்ந்த சாரதிக்கும் அதனை அடக்குதல் அரிது. ஆகவே பிடி கூடிய ரயர் பின்னே இருக்கட்டும்.

மொறிஸ் மைனர் போன்ற, 1948ஆம் ஆண்டு முதல் வெளிவந்த மிகப் பழைய வண்டிகளை இன்றும் பேணி வருவோருக்கு ஒரு வார்த்தை. அக்காலத்து ரயர்களில் உள்ளிழைகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்லும். ஆரை வகை ரயர்கள் 1946ஆம் ஆண்டு மிச்செலின் நிறுவனத்தாற் காப்புரிமை பெறப்பட்டுப் பின்னர் பரவியவை. இவ்விரு வகைகளும் வளைவிலே வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளும். ஒரே அச்சில் இவற்றைக் கலத்தல் மிக அபாயமானது. நான்கையும் ஒரே வகையாகப் பூட்டுவதே நேர்வழி.

பாவித்த ரயரை மலிவாக வாங்குவது பற்றியும் பலர் கேட்பதுண்டு. பணத்தின் அருமை யாவரும் அறிந்ததே. ஆயினும் பாவித்த ரயரின் வரலாற்றை ஒருவராலுஞ் சொல்ல முடியாது. காற்றுக் குறைந்து ஓடியதா, கல்லில் அடிபட்டதா, உள்ளிழை அறுந்ததா என்பது வெளியே தெரிவதில்லை. வரிப்பள்ளத்தைச் சூடான கத்தியால் ஆழமாக்கியும், பக்கச்சுவருக்குக் கறுப்புப் பூசியும் இளமை காட்டுதல் கூடும். எட்டு வயதுள்ள ரயரைப் பாதி விலைக்கு வாங்கி இரண்டு ஆண்டு ஓட்டுபவர், புதியதை முழுவிலைக்கு வாங்கி ஆறு ஆண்டு ஓட்டுபவரிலும் ஆண்டொன்றுக்குக் கூடிய செலவே செய்கின்றார். மலிவு என்பது இங்கே கணக்கிலும் மலிவன்று.

பூட்டும் நாளில் மூன்று விடயங்களைக் கவனியுங்கள். பழைய வண்டியின் இரும்புச் சில்லில், ரயர் பதியும் விளிம்பு துருப்பிடித்திருக்கும். அதனைச் சுரண்டித் துப்புரவாக்கிய பின்னரே புதிய ரயரைப் பூட்டவேண்டும். இல்லையேல் காற்றுக் கசியும். வால்வையும் புதிதாக மாற்றச் சொல்லுங்கள். பழைய வால்வின் இறப்பரும் ரயரைப் போலவே மூத்தது. சில்லுகளின் நிறைச் சமநிலையையும் நேர்வரிசையையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். பின்னால் வைத்திருக்கும் மேலதிகச் சில்லையும் மறவாதீர்கள். ஒரு நாளும் ஓடாத அந்த ரயரே பெரும்பாலும் வண்டியில் மிக மூத்தது. இரவில், மழையில், நடுவழியில் அதனைப் பூட்டும்போது அதன் வயது தெரியவருவது காலங்கடந்த அறிவாகும்.

பூட்டிய பின்னர், மாதத்துக்கு ஒரு முறையேனும் காற்றமுக்கத்தை அளந்து பாருங்கள். வண்டி ஓடிச் சூடேறுமுன், குளிர்ந்த நிலையில் அளத்தல் வேண்டும். அளவு கையேட்டில் உண்டு. காற்றுக் குறைந்த ரயர் ஓரங்களில் தேயும், வெப்பமடையும், குறைந்த வேகத்திலேயே நீரின்மேல் மிதக்கும். காற்று மிகுந்த ரயர் நடுவிலே தேயும். ஒரு பக்கம் மாத்திரம் தேயுமாயின் நேர்வரிசை பிழை என்று பொருள். வரிப்பள்ளத்தின் அடியில் ஆங்காங்கே சிறு மேடுகள் உண்டு. ரயர் தேய்ந்து அவற்றோடு சமமாகுமாயின் மீதியுள்ள ஆழம் 1.6 மில்லிமீற்றரே. பிரித்தானியா முதலிய நாடுகளில் அதுவே சட்டத்தின் கடைசி எல்லை. நமது பருவமழையை நினைத்தால், அந்த எல்லையைத் தொடும்வரை காத்திராது, 3 மில்லிமீற்றர் அளவிலேயே மாற்றுவது நன்று.

நேயர்களே, இன்று மாலை சிறிது நேரம் ஒதுக்குங்கள். ஒரு கைவிளக்கை எடுத்துக்கொண்டு உங்கள் வண்டியைச் சுற்றி வாருங்கள். ஐந்து ரயர்களிலும் உள்ள நான்கு இலக்கங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பக்கச்சுவரிலே மயிரிழை போன்ற வெடிப்புக்கள் உண்டா எனப் பாருங்கள். பார்வைக்குப் புதியதாய்த் தோன்றும் ஒரு ரயர், உங்கள் மகள் முதலாம் வகுப்பிற் சேர்ந்த ஆண்டில் உற்பத்தியானது என்றும், அவள் இப்போது க.பொ.த. சாதாரணதரப் பரீட்சைக்குப் படிக்கின்றாள் என்றும் அந்தத் தாள் காட்டுமாயின், அதன்பின் யோசிப்பதற்கு ஒன்றுமில்லை. நாளை காலையிலேயே கடைக்குச் சென்றுவிடுங்கள். அவளைப் பாடசாலைக்குக் கொண்டுசெல்வதும் அதே வண்டியன்றோ?